மாப்பிள்ளைக்குச் சமைத்தவள்

கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குச் சமையல்காரம்மா என்று பெயர். வேலை உத்தரவில் வேறு ஏதோ நீளமாகப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் சமைத்தது மனிதர்களுக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு. கடல்நீரை வடிகட்டி, பாசியிலிருந்து எடுக்கும் அகர் தூளை அதில் போட்டுக் கரைத்து, ஆளுயரக் குக்கரில் வேகவைத்து, மூடி போட்ட கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறையவைப்பாள். அந்தக் கூழின் மேல்தான் கிருமிகள் குடியேறித் தின்று பெருகும். தூசி விழுந்தால் வேண்டாதது முளைத்துவிடும் என்பதால், ஊற்றும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் மட்டும்தான் என்பது நிலையத்துக்கே தெரிந்த விஷயம்.

வீட்டில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர் படகுத்துறையில் எஞ்சின் மெக்கானிக். உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போவார். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால், "காலியாயிடுச்சே, பாக்கலையா?" என்பார். எதைப் போட்டாலும் சாப்பிடுகிற மனுஷனுக்குச் சமைத்து என்ன பெருமை என்று அவள் மூக்கால் அழாத நாள் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குறை ஒன்றுதான் அவளுக்கு அவர்மேல் இருந்தது. அதையும் அவள் சந்தோஷமாகத்தான் சொல்லித் திரிந்தாள்.

நிலையத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் தேடிக்கொண்டிருந்தது மருந்து. கரையோரத்துப் பாறையிலும் தூணிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாவுக்கு இடம் பற்றாது. பக்கத்தில் இருப்பதை விரட்டினால்தான் பிழைப்பு. விரட்டுவதற்கு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விஷத்தைக் கசியவிடும். அந்த விஷங்களில் ஒன்று, ஆஸ்பத்திரி மருந்துகளுக்கெல்லாம் பிடிகொடுக்காத கிருமிகளைக் கொன்றால் போதும் என்று மேடம் வருஷக்கணக்காகக் கடல் வழவழப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கயிறு, நங்கூரம், நண்டின் முதுகு, எதையும் விட்டுவைக்கவில்லை.

சமையல்காரம்மாவும் தன் பங்குக்குக் கணவரை ஏவினாள். கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டில் ஒன்றைக் கொடுத்து, படகுத்துறைத் தூணில் கொஞ்சம் சுரண்டி வரச் சொன்னாள். அவர் சுரண்டிக் கொண்டுவந்தது பழைய மாத்திரை டப்பாவில்.

"சுத்தமான பாட்டில் குடுத்து அனுப்பினேனே, அது எங்க?"

"அதுல ஆயில் ஊத்தி வெச்சிருக்கேன். நல்ல பாட்டிலும்மா, மூடி டைட்டா இருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். குப்பையில் போடப்போனவள், மனுஷன் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்டியது வீணாகக் கூடாதே என்று ஒரு தட்டில் மட்டும் தேய்த்துவைத்தாள். பல நாள் கழித்து, மற்றவை எல்லாம் ஒதுங்கி நிற்க, நடுவில் ஊசிமுனை அளவில் மஞ்சளாய் ஒன்று முளைத்திருந்தது.

அது சரியான வீம்பு பிடித்தது. சத்துள்ள கூழ் எதையும் தொடாது. பல நாள் பிடித்துவைத்த வெறும் கடல்நீரில் அகர் மட்டும் போட்டுக் கொடுத்தால், போனால் போகிறது என்று கொஞ்சம் வளரும். அவளுடைய மகளின் கணவன் வீட்டுக்கு வந்தால் இப்படித்தான், பரிமாறியதை எல்லாம் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஒரு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுவான். "எங்க வீட்டு மாப்பிள்ளையேதான் மேடம்" என்று அவள் சொல்ல, மேடம் சிரிக்க, பெரிய கண்ணாடி போட்ட ஆராய்ச்சி மாணவி குழாயின் மேல் மாப்பிள்ளை என்றே எழுதிவிட்டாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மெக்கானிக் படகு ஏற்றும் சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். கம்பி வைத்துக் கட்டினார்கள். எலும்பு கூடிவிடும் என்றார்கள். கூடவில்லை, தையல் போட்ட இடத்திலிருந்து சீழ் வர ஆரம்பித்தது. ஒரு மருந்து மாற்றி ஒரு மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கும், இரண்டு நாள் நன்றாக இருப்பார், மறுபடி ஏறும். கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எலும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும் கிருமி தங்களிடம் இருக்கும் எதற்கும் மசியவில்லை என்று சொன்னார். கிருமிகளைத் தட்டில் வளர்த்து ஓய்வுபெறப் போகிறவளுக்கு, டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை என்பதுதான் கொடுமை.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மேடத்துக்கு அவ்வப்போது இப்படி அடங்காத கிருமிகள் வருவதுண்டு, பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு. மெக்கானிக்கின் கிருமியையும் கேட்டார்கள். அவர் கட்டிலில் சாய்ந்தபடியே சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

"நான்தான் பள்ளிக்கூடத்தைத் தாண்டல. என் கிருமியாவது ஆராய்ச்சிக்குப் போகட்டும்."

மாணவி அந்தக் கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் மாப்பிள்ளையின் சாற்றில் ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் காலை சமையல்காரம்மா தட்டுகளைக் கழுவ எடுக்கும்போது மாணவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தட்டு முழுவதும் பால் ஆடையாய்ப் படர்ந்திருந்த கிருமியில், சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் பளிச்சென்று தெளிந்து கிடந்தது. அதற்குள் எதுவும் உயிரோடு இல்லை. அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வட்டத்தின் வழியாக வெளியே கடல் தெரிந்தது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனவள், செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள்.

"உங்க கிருமியை மாப்பிள்ளை ஜெயிச்சுட்டாருங்க!"

"எந்த மாப்பிள்ளை? அந்தப் பையன் ஈயை விரட்டவே நாலு தடவை யோசிப்பானே."

"நீங்க மாத்திரை டப்பாவுல கொண்டுவந்தீங்களே, அந்த மாப்பிள்ளை."

அவர் தலையணையில் நிமிர்ந்து சாய்ந்தார். பிறகு, "அப்ப பாட்டிலை ஆயிலுக்கு எடுத்தது தப்பில்ல" என்றார். அந்த வார்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

மேடம் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "தட்டுல சாகுறது வேற, உடம்புல சாகுறது வேறம்மா. இதை நிறைய வளர்க்கணும். சாறு எடுக்கணும். அதுல எது கொல்லுதுன்னு தனியா பிரிக்கணும். அது மனுஷனைக் கொல்லாதான்னு பாக்கணும். வருஷக்கணக்கு ஆகும். மனசுல ஆசையை வளர்த்துக்காதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அத்தனையிலும் அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: நிறைய வளர்க்க வேண்டும். அது அவளால் முடிந்த வேலை. பிரிப்பதும் பார்ப்பதும் படித்தவர்கள் பாடு. வளர்ப்பது அவள் பாடு. சீக்கிரம் வளர்ந்தால் மற்றது எல்லாமே சீக்கிரம் நடக்கும் என்று அவள் மனது தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

வீம்பு பிடித்த மாப்பிள்ளையை அவள் பழக்க ஆரம்பித்தாள். கூழில் சத்து மாவைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டினாள். ஏற்றுக்கொண்டது. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஒவ்வொரு தடவையும் பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்கு மாற்றும்போது, கம்பி வளையத்தைத் தீயில் காட்டி ஆறவைத்து, இருக்கிற புள்ளிகளிலேயே கொழுகொழுவென்று பெரிதாய், மஞ்சள் மினுங்க நிற்கிற ஒன்றைத் தேடித் தொட்டு எடுப்பாள். ஓரத்தில் சோனியாய், வெளிறிக் கிடப்பவற்றைத் தட்டோடு குக்கரில் போட்டு வேகவைத்துக் கொட்டிவிடுவாள். "நல்லா சாப்பிடுடா ராசா" என்று தட்டோடு பேசுவாள். மாப்பிள்ளை சாப்பிட்டது. முன்பு வாரக்கணக்கில் வளர்ந்தது இப்போது ஓரிரு நாளில் குடுவையை நிறைத்தது. மாணவி கைதட்டினாள். மேடமே ஒருநாள் குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டு வளர்க்கறீங்க இதை?" என்று வியந்து கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தின் உறைபெட்டி பழுதாகி, மாப்பிள்ளையின் பழைய குழாய் உட்பட, சேமித்து வைத்திருந்தவை எல்லாம் உருகிப்போயின. பதறவேண்டிய அவசியம் இல்லை, கையில் புதிய தட்டுகள் இருந்தன. சமையல்காரம்மா தன் கையாலேயே, இருப்பதிலேயே கொழுத்ததாகப் பார்த்து எடுத்துப் புதுக் குழாய்களை நிரப்பி, உருகிய பழையவற்றைக் குக்கரில் போட்டாள். அன்று அவளுக்கு வேலை முடிந்த திருப்தி இருந்தது.

நிறைந்த குடுவைகளிலிருந்து சாறு எடுத்தார்கள். எல்லோரும் கூடி நின்று பார்க்க, மெக்கானிக்கின் கிருமி பரப்பிய தட்டில் மாணவி ஒரு சொட்டு விட்டாள். மறுநாள் தட்டு முழுவதும் ஒரே வெள்ளை. எங்கும் வட்டம் இல்லை. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தார்கள். இல்லை. வேறு குடுவை, வேறு குழாய், உறைபெட்டியில் புதிதாக வைத்தது. எதிலும் இல்லை. மாப்பிள்ளை பார்ப்பதற்கு அதே மாப்பிள்ளைதான், மஞ்சளாய், மினுமினுவென்று. அதனிடம் விஷம் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

மேடம் வட்டமில்லாத தட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். பிறகு சொன்னார். "தூண்ல இருந்தப்ப அதுக்கு இடமும் இல்ல, சாப்பாடும் இல்ல. அதனால விஷம் செஞ்சுச்சு. விஷம் செய்யறதுக்கும் சத்து வேணும்ல? அதைச் செஞ்சது எல்லாம் இளைச்சுப்போய்த்தான் இருக்கும். செய்யாததுதான் தின்னு கொழுத்திருக்கும். நாம அதையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்துட்டோம்." கடைசித் தட்டையும் அடுக்கிவிட்டு, "நடுவுல ஒரு தடவையாவது சொட்டு விட்டுப் பார்த்திருக்கணும். பாக்காம விட்டது நான்" என்றார்.

நாம் என்றும் நான் என்றும் மேடம் சொன்னது பெரிய மனது. ஆனால் பொறுக்கிய கை யாருடையது என்பது சமையல்காரம்மாவுக்குத் தெரியும். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. மேடம் பக்கத்தில் குனிந்து, "எல்லாம் சரியா நடந்திருந்தாலும் இது அவருக்கு வந்து சேர்ந்திருக்காதும்மா. அவ்வளவு நாள் நமக்குக் கிடையாது. என்னை நம்புங்க" என்றார். அவள் நம்பினாள். அது உண்மை என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்?

ஆஸ்பத்திரியில் அவரிடம் மறைக்க அவளால் முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"மாப்பிள்ளையை நான் கெடுத்துட்டேங்க. நல்லா போட்டு வளர்த்தேன். கொழுத்ததா பாத்துப் பாத்து எடுத்தேன். இளைச்சதை எல்லாம் கொட்டிட்டேன். அந்த இளைச்சதுகிட்டதான் மருந்து இருந்துச்சாம்."

அவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"சாப்பிடாம இருக்கறவங்களைப் பாத்தா உனக்குத் தாங்காது. அது உன் சுபாவம். அதுக்குப் போய் அழுதா எப்படி?"

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"நான் என்னைக்கு உன் சமையலைக் குத்தம் சொல்லியிருக்கேன்?"

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவே முடியாமல் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தபடி, எங்கே சுரண்டினார் என்பதை நினைவுபடுத்திச் சொன்னார். இரும்பு ஏணிக்குக் கீழே, பழைய டயர் தொங்குகிற தூண், தண்ணீர் நன்றாக வற்றினால் மட்டும் தெரிகிற பக்கம், கரையைப் பார்த்தது அல்ல, கடலைப் பார்த்தது. "அங்க இன்னும் இருக்கும் போ. அதுக்குக் கால் முளைச்சு எங்க போயிடப்போகுது?"

தண்ணீர் வற்றிய ஒரு காலையில் அவளும் மாணவியும் போனார்கள். சமையல்காரம்மாவுக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் ஏணியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, அவர் சொன்ன பக்கத்தில் சுரண்டினாள். மாணவி மேலே நின்று, "அக்கா போதும், அக்கா ஏறி வாங்க" என்று கத்திக்கொண்டேயிருந்தாள். இந்தத் தடவை சுத்தமான பாட்டில்கள்தான். வெறும் கடல்நீரில் கூழ் காய்ச்சி, சத்து எதுவும் போடாமல், தட்டு தட்டாகத் தேய்த்தார்கள். அவர் முன்பு கொண்டுவந்த பழைய மாத்திரை டப்பாவை வழித்தும் ஒரு தட்டில் தேய்த்தாள். எந்த வழியையும் அவள் விட்டுவைக்கவில்லை. வெள்ளை, ஆரஞ்சு, ஊதா என்று என்னென்னவோ முளைத்தன. மஞ்சளாய்க்கூடச் சில வந்தன. ஒவ்வொன்றையும் அவருடைய கிருமியோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். எதைச் சுற்றியும் வட்டம் விழவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஒரு தூணில் ஒரு விரல் அகலத்தில் இருந்தது, அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

இதற்கிடையே ஆஸ்பத்திரியில் அவருடைய காலை வெட்டி எடுத்தார்கள். எடுத்தும் நிற்கவில்லை, ரத்தத்தில் கலந்துவிட்டது. மகளும் மருமகனும் ஊரிலிருந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மத்தியானம் சமையல்காரம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கரண்டியைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் போயிருந்தார். மூச்சு நின்றுவிட்டதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் வைத்ததை அவர் சாப்பிடாமல் விட்டது அதுதான் முதல் தடவை. டப்பாவை மூடி மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதைக் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. மகள்தான் பிறகு கொட்டிக் கழுவினாள்.

வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் சீக்கிரமே வேலைக்குத் திரும்பினாள். யாரும் என்ன பேசுவது என்று தெரியாமல் விலகி விலகிப் போனார்கள். குடுவைகளைக் கழுவினாள், கூழ் காய்ச்சினாள், வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாத நிலையம் வேறு கட்டடமாக இருந்தது.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு குழாய் இருந்தது. மேலே ஆஸ்பத்திரி போட்ட எண் மட்டும். அவருடைய எலும்பிலிருந்து எடுத்த கிருமி. தூணிலிருந்தும் பாறையிலிருந்தும் வரும் ஒவ்வொன்றையும் அதோடு மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் அதைச் சாகவிடாமல் மாதாமாதம் புதுக் கூழுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றுகிற வேலை சமையல்காரம்மாவுடையது.

"அக்கா, அதை மட்டும் நான் பாத்துக்கறேன். நீங்க தொடவே வேண்டாம்" என்றாள் மாணவி.

அவள் குழாயை எடுத்தாள். நேராகக் குக்கர் இருக்கும் அறைக்குப் போனாள். மூடி திறந்திருந்தது. உள்ளே போட்டு மூடித் திருகினால் சனியன் ஒழியும். என் மனுஷனைத் தின்ன உனக்கு நான் ஆக்கிப் போட வேண்டுமா என்று வயிறு எரிந்தது. குழாயைக் குக்கரின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டே நின்றாள். மாணவி வாசலில் நின்றாளே தவிர, தடுக்கவில்லை.

பிறகு அவள் திரும்பி வந்து பர்னரைப் பற்றவைத்தாள். கம்பி வளையத்தைத் தீயில் காட்டி ஆறவிட்டாள். இந்தத் தடவை கொழுத்தது எது, இளைத்தது எது என்று பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து வழித்து எடுத்தாள். இப்போது நிலையத்தில் அதுதான் சட்டம்.

"இது செத்தா, எதால சாகும்னு நமக்குத் தெரியாமலே போயிடும்" என்றாள் மாணவியிடம். பல நாள் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அந்தக் கிருமிக்கு எந்த வீம்பும் இல்லை. எந்தக் கூழை ஊற்றினாலும், உப்பு கூடினாலும் குறைந்தாலும், மறுநாள் தட்டு நிறைய வளர்ந்திருக்கும். அதை நினைத்ததும் அவள் தட்டைச் சட்டென்று மூடினாள். கடல் பாக்டீரியாவெல்லாம் குளிர்ந்த அறையில் இருக்க, இதை மட்டும் உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். அவள் பெட்டியைத் திறந்து தட்டை உள்ளே வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

அந்தப் பெட்டியின் கதவு ஒரு நொடி கூடுதலாகத் திறந்திருந்தாலும் சத்தம் போடுகிற மாணவி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். உள்ளே காய்ச்சல் இல்லாத நாளில் அவர் கை இருந்த அதே சூடு. அது ஆறிப்போகும்வரை சமையல்காரம்மா அங்கேயே நின்றிருந்தாள்.